எவர்சில்வர் கதவுக் கைப்பிடி: துரு இல்லை, ஆனால் கவனம் தேவை

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் தோட்டத்துச் சாளைகளும் கட்டுத்தரைகளும் மோட்டார் அறைகளும் புதுப்பிக்கப்படும்போது, பழைய பித்தளை வளையங்களுக்கும் இரும்புத் தாழ்ப்பாள்களுக்கும் பதிலாக எவர்சில்வர் கைப்பிடிகள் பொருத்தப்படுகின்றன. பார்வைக்கு அழகு; வண்ணம் பூச வேண்டியதில்லை; பல ஆண்டுகள் உழைக்கும். எனினும், “எவர்சில்வரில் கிருமி ஒட்டாது”, “எல்லா எவர்சில்வரும் ஒன்றுதான்” என்ற இரண்டு தவறான எண்ணங்கள் பலரிடம் உள்ளன. பண்ணையத்தில் மிகுதியான கைகள் தொடும் பொருள் கதவுக் கைப்பிடியே. ஆகவே அதன் நன்மை, தீமைகளை உழவர் பெருமக்கள் அறிந்திருத்தல் நலம்.

எவர்சில்வர் என்பது என்ன?

இரும்புடன் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்தால் துருப்பிடிக்காத எஃகு கிடைக்கிறது. குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடு ஒன்றை மேற்பரப்பில் உண்டாக்குகிறது. இந்த ஏடுதான் துருவைத் தடுக்கிறது. கீறல் விழுந்தாலும் அது தானே மீண்டும் உருவாகும். இவ்வகை எஃகுத் தகடுகள் நம் அண்டையிலுள்ள சேலம் உருக்காலையில் 1980-களின் தொடக்கத்திலிருந்து உற்பத்தியாகின்றன.

கடைகளில் கிடைப்பவற்றுள் 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ளன. 202 என்ற ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்க்கப்படுகிறது. இது விலை குறைவு. ஆனால் ஈரமும் உப்பும் உள்ள இடத்தில் விரைவில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். காந்தத்தை வைத்துப் பார்த்து ரகத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பது சரியன்று. இவ்விரண்டு ரகங்களிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. எனவே வாங்கும்போது ரகத்தின் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குவதே சிறந்தது.

பளபளப்பு வேறு, தூய்மை வேறு

எவர்சில்வருக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் கிடையாது. கொரோனா நோய் பரவிய 2020-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் நடத்திய சோதனையில், அந்நோய்க் கிருமி செம்பின் மேல் 4 மணி நேரத்துக்குப் பின் காணப்படவில்லை. எவர்சில்வரின் மேலோ 2 முதல் 3 நாட்கள் வரை உயிருடன் இருந்தது. செம்பு கலந்த பித்தளைக்கும் கிருமியைக் குறைக்கும் தன்மை உண்டு. நம் முன்னோர் வீடுகளில் இருந்த பித்தளைக் கைப்பிடிக்கு இந்த நன்மை இருந்தது. ஆனால் பித்தளையின் மேல் வார்னிஷ் பூசினால் அந்தப் பயன் கிட்டாது. அழுக்குப் படிந்தாலும் குறைந்துவிடும்.

இதனால் எவர்சில்வரை ஒதுக்க வேண்டும் என்பதில்லை. வழவழப்பாக இருப்பதால் அதைக் கழுவுவது எளிது. கழுவினால்தான் தூய்மை என்பதை மட்டும் மறத்தலாகாது.

கட்டுத்தரையும் கோழிப்பண்ணையும்

பால் கறப்பவர் மடியையும் தன் கைகளையும் கழுவிய பின், தீவனம் எடுக்கத் தீவன அறைக் கதவைத் திறந்துவிட்டு, அதே கையால் காம்பைப் பிடித்தால் கழுவியது வீணாகும். மடிநோய்க் கிருமிகள் கறப்பவரின் கை வழியாகவும் ஒரு மாட்டிலிருந்து மற்றொரு மாட்டுக்குச் செல்கின்றன. ஆகவே தீவனத்தை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொண்டு, கடைசியாகக் கை கழுவிக் கறக்க உட்கார வேண்டும். நோயுற்ற மாட்டை இறுதியில் கவனித்து, பின்னர் கைகளையும் கதவுக் கைப்பிடியையும் கழுவுதல் வேண்டும்.

பல்லடம், நாமக்கல் பகுதிகளில் கோழிப்பண்ணை வைத்திருப்போர் வாயிலில் கால் நனைக்கும் தொட்டி வைக்கின்றனர். காலைப் போலவே கையும் நோயைக் கொண்டு செல்லும். கொட்டகைக் கதவருகே தண்ணீரும் சோப்பும் வைத்து, நுழையுமுன் கை கழுவுவதை வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும்.

பூச்சிமருந்து அறை

மரம் மருந்தை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும், எவர்சில்வர் உறிஞ்சாது. கைப்பிடியில் பட்ட மருந்து மேற்பரப்பிலேயே தங்கி, அடுத்துத் தொடுபவரின் கைக்கு மாறும். ஆர்கனோ பாஸ்பரஸ் வகை மருந்துகள் தோலின் வழியாகவும் உடலுக்குள் செல்லக்கூடியவை. மருந்து தெளித்தவர் கையுறை அணிந்திருக்கலாம். ஆனால் அவர் கையுறையோடு திறந்த கதவை, பிறகு வெறுங்கையால் திறப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியோ குழந்தையோதான். அவர்களுக்கு ஆபத்து இருப்பதே தெரியாது.

ஆகவே தெளிப்பு முடிந்ததும், கையுறைகளைப் போட்டபடியே சோப்பு நீரில் கழுவி, கழற்றி, கைகளையும் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே எந்தக் கதவையும் தொட வேண்டும். மருந்து அறையின் கைப்பிடியையும் பூட்டையும் அன்றே கழுவித் துடைக்க வேண்டும். அதற்குப் பயன்படுத்திய துணியை வேறு எதற்கும் எடுத்தலாகாது. அறையைப் பூட்டி, சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

மோட்டார் அறை

உயிருக்கு நேரடியான ஆபத்து இங்குதான் உண்டு. துருப்பிடிக்காவிட்டாலும் எவர்சில்வர் மின்சாரத்தைக் கடத்தும். எலி கடித்த வயரோ, காப்பு உரிந்த வயரோ இரும்புக் கதவைத் தொட்டால், கைப்பிடியிலும் மின்சாரம் பாயும். நீர் பாய்ச்சிவிட்டு ஈரக்கையோடும் வெறுங்காலோடும் வருபவர் அதைப் பிடித்தால் விளைவு கொடியதாகும்.

வயர்களைக் கதவு, நிலவு ஆகியவற்றின் மேல் படாமல் குழாயினுள் கொண்டுசெல்ல வேண்டும். மோட்டாருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் எர்த் இணைப்பு கொடுப்பது போலவே இரும்புக் கதவின் நிலவுக்கும் கொடுக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவியைத் தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு பொருத்திக்கொள்ளுங்கள். மரக்கதவு அமைப்பது மேலும் பாதுகாப்பானது.

கைப்பிடியில் இலேசாக ‘சுர்’ரென்று உணர்ந்தாலும் மீண்டும் தொட்டுப் பார்க்கக் கூடாது. மெயின் சுவிட்ச் உள்ளே இருந்தால் அதை நிறுத்த முயலாமல், மின்வாரியத்துக்குத் தெரிவித்து வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யவும். அதுவரை யாரும் அருகில் போகாமல் ஒருவர் காவல் இருக்க வேண்டும்.

வாங்கும்போதும் பொருத்தும்போதும் கவனிக்க வேண்டியவை

1. கைப்பிடியின் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். கூரான விளிம்பு கையைக் கிழிக்கும்.

2. கைப்பிடிக்கும் நிலவுக்கும் இடையே விரல்கள் நசுங்காத அளவு இடைவெளி விடவும்.

3. உருண்டைக் குமிழைவிட நீண்ட பிடி நல்லது. முதியோர் எளிதில் திறக்கலாம். கை அழுக்காக இருக்கும்போது முழங்கையாலும் அழுத்தித் திறக்கலாம். அதன் முனை கதவை நோக்கி வளைந்திருந்தால் சேலையும் துண்டும் மாட்டிக்கொள்ளா.

4. கவரிங் நகை அணிந்தால் அரிப்பு ஏற்படுவோருக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். நிக்கல் முலாம் பூசிய கைப்பிடியைவிட 304 ரகம் அவர்களுக்கு ஏற்றது.

5. உர அறையில் பொட்டாஷ் உரத்திலுள்ள குளோரைடு எவர்சில்வரையும் அரிக்கும். அங்குள்ள கைப்பிடியை அடிக்கடி நல்ல நீரால் துடைக்கவும்.

சுத்தம் செய்யும் முறை

நாள்தோறும் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, நல்ல நீரால் கழுவி, உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தாலே போதும். ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீரை அப்படியே காயவிட்டால் வெண்கறை படியும். இரும்புக் கம்பிச் சுருளால் தேய்க்கக் கூடாது. அதன் துகள் ஒட்டித் துருப்பிடிக்கும். சாம்பல், மணல் ஆகியவையும் கீறலை உண்டாக்கும். கீறலில் அழுக்குத் தங்கும்.

வீட்டில் தொற்றுநோய் கண்டால், சோப்பிட்டுக் கழுவிய பின் 70 சதவீத ஆல்கஹால் கொண்டு துடைக்கலாம். அது எளிதில் தீப்பற்றும். அடுப்பருகிலும் மோட்டார் அறையிலும் கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைசல் எவர்சில்வரில் குழிகளை உண்டாக்கும். வேறு வழியின்றிப் பயன்படுத்தினால் 10 நிமிடத்தில் நல்ல நீரால் கழுவிவிட வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டை ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வெளிப்படும். புது வீட்டில் டைல்ஸை ஆசிட் ஊற்றிக் கழுவும்போது அதன் புகையே கைப்பிடிகளைக் கறுக்கச் செய்யும். எனவே அப்பணி முடிந்த பின்னர் கைப்பிடிகளைப் பொருத்துவது நல்லது.

எவர்சில்வர் நல்ல பொருள்; அதைத் தொடுவதால் உடலுக்குத் தீங்கில்லை. தீங்கு அதன்மேல் படிவதிலும் அதனுள் பாய்வதிலும்தான் உள்ளது. கட்டுத்தரையில் கை கழுவும் ஒழுங்கும், மருந்து அறையில் துடைக்கும் பழக்கமும், மோட்டார் அறையில் எர்த் இணைப்பும் இருந்தால் இவ்விரண்டையும் தவிர்க்கலாம். அடுத்த தெளிப்புக்கு முன் உங்கள் மருந்து அறை, மோட்டார் அறைக் கதவுகளை ஒருமுறை சோதித்துக் குறைகளைச் சரிசெய்து பயன் பெறுவீர்களாக.