திறப்பைத் திருப்பியதும் கேட்கும் சத்தம்

வடமராட்சியில் நான் களப்பணிக்குப் போகும் கிராமம் ஒன்றில் ஓர் அக்கா இருக்கிறார். 2009இல் கணவரை இழந்தவர். தகப்பனார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் கார்தான் அவருடைய சீவனோபாயம். காலையில் அயலட்டைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் செல்வார். பகலில் வயோதிபர்களைக் கிளினிக்குக் கூட்டிச் செல்வார்.

ஒருநாள் காலையில் கார் ஸ்ராட் ஆகவில்லை. திறப்பைத் திருப்பினால் 'டக்' என்ற ஒரு சத்தம் மட்டுமே. திருத்துமிடத்தில் பார்த்துவிட்டு, "ஸ்ராட்டர் மோட்டார் போட்டுது, மாத்தத்தான் வேணும்" என்றார்கள். சீட்டுக்காசு முழுவதையும் கொடுத்து மாற்றினார். அடுத்த கிழமை மீண்டும் அதே சத்தம். இம்முறை பற்றரியை மாற்றச் சொன்னார்கள். அதையும் கடன்பட்டு மாற்றினார். கார் அசையவில்லை.

கடைசியில் பிழையைக் கண்டுபிடித்தவர் பக்கத்து ஊரில் இருந்த ஒரு பழைய சாரதி. இயந்திரத்தையும் காரின் உடலையும் இணைக்கின்ற, ஒரு சாண் நீளமுள்ள எர்த் வயர் துருப்பிடித்து அறுந்திருந்தது. ஸ்ராட்டர் மோட்டாரின் விலையோடு பார்த்தால் அது ஒரு விலையே அல்ல.

இந்தக் கதையில் என்னைச் சுட்ட இடம் வேறு. "தங்கச்சி, முதல் நாளே நான் அவையளுக்குச் சொன்னனான், ஸ்ராட் பண்ணேக்க சோக் வயர் கையைச் சுடுது எண்டு. உங்களுக்கு இதெல்லாம் விளங்காது அக்கா எண்டிட்டினம்" என்றார் அவர். எர்த் வயர் அறுந்தால் ஸ்ராட்டருக்குரிய பெரிய மின்னோட்டம் வேறு வழி தேடும். மெல்லிய சோக் வயரே அதற்கு அகப்படும் வழி. ஆகவேதான் அது சுட்டது. பிழையின் அடையாளத்தை அந்த அக்கா முதல் நாளே கண்டிருந்தார். அதற்கு ஒரு பெயர் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. கேட்டவர்களுக்கு அவரிடம் கேட்கும் மனம் இல்லை.

நாங்கள் அறியாதவர்கள் அல்ல

வாகனத்தின் மின்சாரம் ஆண்களுக்குரிய விடயம் என்று நாமே நம்பிவிட்டோம். ஆனால் 1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட தாய்மார் எத்தனை பேர்? பெற்றோல் தடைப்பட்ட அக்காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, பின் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் ஏறித்தானே பிள்ளைப்பேற்றுக்குப் போனார்கள்? பழைய காரின் மின்சாரமும் அந்தச் சைக்கிள் டைனமோவைப் போன்றதுதான். பற்றரியிலிருந்து மின் புறப்படுகிறது; வேலை செய்கிறது; எர்த் வழியாகத் திரும்பி வருகிறது. வழியில் எங்கோ ஓரிடம் அறுந்தால் அல்லது துருவேறினால் கார் நிற்கும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இந்த இடைக்காலத்தில் பழைய கார்களின் விலையே எட்டாத உயரத்துக்குப் போனது. இருக்கும் காரைக் காப்பாற்றிக்கொள்வதே எம்மைப் போன்றோருக்கு வழி.

சத்தத்தைக் கேளுங்கள்

முதலில் கியரை நியூட்ரலில் விட்டு, கைப்பிரேக்கை இழுத்து, முன் லைற்றைப் போடுங்கள். பிறகு ஸ்ராட் செய்து பாருங்கள். ஒருவர் வெளியே நின்று லைற்றைக் கவனிக்கட்டும்.

லைற்றே எரியவில்லை, சத்தமும் இல்லை என்றால் பற்றரி முற்றாக இறங்கியிருக்கும், அல்லது அதன் முனையில் பூட்டிய வயர் கழன்றிருக்கும். கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பிழை அதிலேயே இருக்கலாம்.

லைற் மங்கி, 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் பற்றரி பலவீனம், அல்லது முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறது. பற்றரியை மாற்ற முன்னர் முனைகளைத் துப்புரவு செய்யுங்கள்.

லைற் மங்காமல் பிரகாசமாக இருக்க, 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் பற்றரியில் குறையில்லை. மின் ஸ்ராட்டருக்குப் போய்த் திரும்பவில்லை. ஸ்ராட்டர், அதன் சுவிச், இயந்திரத்தின் எர்த் வயர் ஆகிய மூன்றில் ஒன்று பிழை. விலை குறைந்த எர்த் வயரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தடித்த வயர் ஒன்றால் இயந்திரத்தையும் காரின் உடலையும் தற்காலிகமாக இணைத்ததும் ஸ்ராட் ஆனால், பிழை எர்த் வயரில்தான்.

'டொக்' என்ற பாரமான சத்தத்துடன் லைற் மங்கி எல்லாம் இறுகி நின்றால், ஸ்ராட்டரின் பல்லு சிக்கியிருக்கலாம். பழைய கார்களில் இது வழமை. திறப்பை நிறுத்தி, கைப்பிரேக்கை விடுவித்து, மேல் கியரில் போட்டுக் காரை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும்.

இயந்திரம் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பெற்றோல் வரவில்லை, அல்லது தீப்பொறி இல்லை. மொறிஸ் மைனரில் திறப்பைத் திருப்பியவுடன் பெற்றோல் பம்ப் சில தடவை 'டிக் டிக்' என்று அடித்து ஓயும். அடிக்கவே இல்லை என்றால் பம்பிலோ அதற்குரிய வயரிலோ பிழை. ஓயாமல் அடித்தால் பெற்றோல் தாங்கியைப் பாருங்கள். மழைக்காலக் காலைகளில் டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் பிடித்துத் தீப்பொறி வராமல் போவதுண்டு. திறப்பை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பிளக் வயர்களையும் துடையுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சிவப்பு லைற் அணையாவிட்டால் பற்றரிக்கு மின் ஏறவில்லை. டைனமோ உள்ள கார்களில் மெதுவாக ஓடும்போது மினுங்கும். வேகம் கூட்டினால் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் முதலில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஃபான் பெல்ற்றைப் பாருங்கள். பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவே தாழ வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

பற்றரியைத் தொட முன்னர் மோதிரம், காப்பு, சங்கிலியைக் கழற்றி வையுங்கள். அருகில் நெருப்பு வேண்டாம். மின் ஏறும்போது தீப்பற்றும் வாயு வரும். காரின் உடலோடு இணைந்த வயரை முதலில் கழற்றுங்கள்; பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். இளஞ்சூட்டு நீரில் அப்பச்சோடாவைக் கரைத்து முனைகளில் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். கரைசல் பற்றரிக்குள் போகக்கூடாது. உலர்ந்ததும் இறுகப் பூட்டி, மேலே வாசலின் பூசுங்கள்.

பற்றரியில் நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே விடுங்கள். எங்கள் சுண்ணாம்புக் கல் நிலத்துக் கிணற்று நீர் பற்றரியைக் கெடுத்துவிடும்.

பியூஸ் போனால் சிகரட் பெட்டியின் வெள்ளித் தாளையோ செப்புக் கம்பியையோ சுற்ற வேண்டாம். வயர் தீப்பிடிக்கும். மொறிஸ் மைனரில் இருப்பது இரண்டே இரண்டு பியூஸ்கள். உரிய அளவில் இரண்டை மேலதிகமாக வைத்திருங்கள்.

இன்னொரு காரிலிருந்து மின் எடுக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். மொறிஸ் மைனர், ஏ 40 போன்ற கார்கள் கூட்டல் அடையாளமுள்ள முனை உடலோடு இணையும்படி செய்யப்பட்டவை. பின்னால் வந்த ஜப்பான் கார்களிலும் மாருதியிலும் கழித்தல் முனையே உடலோடு இணைகிறது. பழைய காரையும் சிலர் பின்னர் மாற்றியிருப்பார்கள். எனவே முனைகளின் அடையாளத்தைப் பார்த்து, கூட்டலைக் கூட்டலோடும் கழித்தலைக் கழித்தலோடும் இணையுங்கள். இரு கார்களின் உடல்களும் முட்டக்கூடாது.

முடிந்தால் ஒரு சிறிய மல்ரிமீற்றர் வாங்குங்கள். இரவு முழுவதும் நின்ற நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவில் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இயந்திரம் சற்று வேகமாக ஓடும்போது 14 வோல்ற்றை அண்டி வரவேண்டும். வராவிட்டால் புதிய பற்றரியும் சில நாளில் இறங்கும்.

திருத்துமிடத்தில் பேசுங்கள்

எல்லாவற்றையும் நாமே திருத்த முடியாது. நல்ல மெக்கானிக்கை மதித்து நடக்க வேண்டும். ஆனால் "கார் ஓடுதில்லை, பாருங்கோ" என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். "லைற் மங்குதில்லை, 'டக்' எண்டு சத்தம் வருது, எர்த் வயரை முதலில் பாருங்கோ" என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். என்ன மாற்றினார்கள், என்ன விலை என்று கொப்பியில் எழுதி வையுங்கள்.

அந்த அக்கா இன்றும் கார் ஓடுகிறார். அறுந்த எர்த் வயரை எறியாமல் காருக்குள்ளேயே வைத்திருக்கிறார். போன மாதம் அயலிலுள்ள இன்னொரு பெண்ணின் வான் ஸ்ராட் ஆகவில்லை. கூப்பிட்ட குரலுக்கு இவர்தான் போனார். "முதல்ல லைற்றைப் போடு பிள்ளை. பிறகு திறப்பைத் திருப்பு. என்ன சத்தம் கேக்குது எண்டு சொல்லு" என்றாராம்.