பழைய ஜீப்பின் முன்பக்கக் கோளாறுகள்: கண்டறியும் வரிசை

பழைய ஜீப்பில் ஸ்டியரிங் உதறுவது, முன்பக்கம் உறுமுவது, வளைவில் டக் டக் என்று சத்தம் எழுவது ஆகிய மூன்றுக்கும் காரணங்கள் வெவ்வேறு. ஆனால் மூன்றும் ஒரே அச்சிலிருந்து வருவதால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடுவது எளிது. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பிலும், அதன் வழிவந்த பல மாடல்களிலும், முன் அச்சு ஒரே கனத்த குழாய். பட்டை ஸ்பிரிங்குகள் அதைத் தாங்குகின்றன. சக்கரம் திரும்புவதும் அங்கேதான், நான்கு சக்கர ஓட்டத்தில் இழுவிசை வந்து சேர்வதும் அங்கேதான். ஆகவே டயர், ஸ்டியரிங் இணைப்புகள், சக்கரமும் அது திரும்பும் அச்சாணியான கிங் பின்னும், கடைசியாகச் சுழலும் பாகங்கள் என்று வரிசையாகச் சோதிப்பதே பணத்தையும் உயிரையும் காக்கும்.

முதல் சோதனைக்குச் செலவில்லை. நான்கு டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிசெய்து, தேய்மானத்தையும் ரிம் வளைவையும் பார்க்க வேண்டும். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டும்போது உதறல் மறைந்தால் கோளாறு டயரிலோ ரிம்மிலோ இருக்கிறது. டயரின் பட்டன்கள் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மழுங்கியும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் தவறியிருக்கிறது.

அடுத்தது ஸ்டியரிங். வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதளவு ஆட்ட வேண்டும். மற்றவர் கீழே பார்க்க வேண்டும். ஸ்டியரிங் பாக்ஸ், டிராப் ஆர்ம், டிராக் லிங்க், பழைய வில்லிஸ் வகையில் பெல் கிராங்க், டை ராட், அதன் முனைகள் என்று ஒவ்வொரு மூட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தால், அசைவு எந்த இடத்தில் தொலைகிறது என்பது தெரிந்துவிடும். பாக்ஸின் உள்ளே செல்லும் தண்டு திரும்பியும் டிராப் ஆர்ம் அசையாவிட்டால் பாக்ஸ் தேய்ந்திருக்கிறது. பாக்ஸே சேஸியின் மேல் நகர்ந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது சேஸி விரிசல் விட்டிருக்கிறது.

பிறகு பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள மீண்டும் ஆட்ட வேண்டும். ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங் தளர்ந்திருக்கிறது. மறையாவிட்டால் கிங் பின் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். கிங் பின் பேரிங்கின் இறுக்கத்தை ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வார்கள். வில்லிஸ் வகையில், ஆயில் சீலையும் டை ராடையும் கழற்றிய நிலையில் நக்கிள் ஆர்மை ஸ்பிரிங் தராசால் இழுத்தால், அது சுமார் 5.5 முதல் 7 கிலோ இழுப்பில் திரும்ப வேண்டும்.

சாலைப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கியதும் இரு முன் சக்கரங்களும் கட்டுக்கடங்காமல் உதறுவது மிக ஆபத்தான அறிகுறி. வேகத்தை மெல்லக் குறைத்தால்தான் அது அடங்கும். பெரும்பாலும் இதற்குத் தளர்ந்த கிங் பின், தேய்ந்த டை ராட் முனை, தேய்ந்த ஸ்பிரிங் புஷ், தளர்ந்த யூ போல்ட் ஆகியவை கூட்டாகக் காரணமாகின்றன. ஸ்பிரிங் தொய்ந்து அச்சு சுழன்றுவிட்டால், ஸ்டியரிங்கைத் தானாக நேராக்கும் காஸ்டர் கோணமும் கெடும். வில்லிஸ் வகைக்கு அது 3 டிகிரி. ஸ்டியரிங் டாம்பர் மாட்டினால் உதறல் குறைந்ததுபோல் தெரியும். ஆனால் தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியேதான் இருக்கும்.

சுழலும் பாகங்களைச் சத்தத்தாலும் நடுக்கத்தாலும் அறியலாம். கிளட்சை விட்டதும் ஒரு தட்டல் கேட்டால் யுனிவர்சல் ஜாயின்டின் கிராஸ் தேய்ந்திருக்கலாம். வேகம் கூடக்கூட நடுக்கமும் கூடினால் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் ஊளையிட்டால் கிரவுன் பினியன் காரணமாகலாம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி நான்கு சக்கர ஓட்டத்தில் நகரும்போது கடகடத்தால் சக்கரத்தருகே உள்ள ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

முன் சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் உள்ள வண்டியில் கோளாறு உள்ள இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. இரு ஹப்புகளையும் விடுவித்து இரு சக்கர ஓட்டத்தில் சென்றால் முன் ஆக்சில் ஷாஃப்டுகள், டிஃபரன்ஷியல், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆகியவை நின்றுவிடும். அப்போதும் முன்பக்க உறுமல் தொடர்ந்தால் சக்கர பேரிங்கோ டயரோதான். ஃப்ரீ வீல் ஹப் இல்லாத வண்டியில் இந்த ஷாஃப்டுகளும் டிஃபரன்ஷியலும் வண்டி ஓடும்போதெல்லாம் சுழலும். அங்கே முன் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி ஓட்டினால், நடுக்கம் அந்த ஷாஃப்டிலிருந்து வருகிறதா என்பது தெளிவாகும். டிஃபரன்ஷியல் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புச் செதில் வந்தால் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது.

ஸ்டியரிங் கனப்பதெல்லாம் கோளாறாகாது. இந்த ஜீப்புகளின் டிரான்ஸ்ஃபர் கேஸில் முன் அச்சையும் பின் அச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் செல்ல வேண்டும். மண்ணில் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சமன்செய்யும். நான்கு சக்கர ஓட்டத்தில் தார்ச் சாலையில் சென்றால் அது முடியாமல் ஷாஃப்டுகள் முறுக்கேறும். ஸ்டியரிங் கனக்கும், டிரான்ஸ்ஃபர் கேஸ் லிவர் விடுபடாது. சிறிது தூரம் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு தளரும். அளவு வேறுபட்ட டயர்கள் நேர்ச்சாலையிலும் இதே தொல்லையைத் தரும்.

பழுது பார்ப்பதிலும் வரிசை முக்கியம். சக்கர பேரிங், கிங் பின், ஸ்பிரிங் புஷ், யூ போல்ட், டை ராட் முனைகள் ஆகியவற்றைச் சரிசெய்த பிறகே ஸ்டியரிங் பாக்ஸைத் தொட வேண்டும். மற்ற மூட்டுகளின் ஆட்டத்தை மறைக்கப் பாக்ஸின் திருகை இறுக்கினால், திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. கடைசியாக, முன் சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கி இருக்கும் டோ-இன் அளவை, வில்லிஸ் வகைக்கு ஏறத்தாழ 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர் வரை, வைத்து, வெறிச்சோடிய சாலையில் குறைந்த வேகத்தில் தொடங்கி ஓட்டிப் பார்க்க வேண்டும்.