கட்டட வேலைக்கு விவரப்படம் வரைபவர் யார்?

சங்கத்திற்குச் சொந்தமாகக் கிடங்கோ நெசவுக்கூடமோ கட்டத் தீர்மானித்த நிர்வாகக் குழுவினர், உள்ளாட்சி மன்றத்தில் அனுமதி பெற்ற பிளானைக் காட்டி, “படம் தயார்; இனி வேலையைத் தொடங்க வேண்டியதுதான்” என்று கூறுவதை ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் கேட்டிருக்கிறேன். அனுமதிப் படம் வேறு. கட்டுவதற்குரிய விவரப்படம் வேறு. முன்னதில் மனையின் எல்லை, சுற்றிலும் விடவேண்டிய இடம், உயரம், அறைகளின் அளவு ஆகியவை காணப்படும். தூணுக்குள் எத்தனை கம்பி, அவை எவ்வளவு கனம் என்பவை அதில் பெரும்பாலும் இரா.

நெசவாள அங்கத்தினர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். சேலையின் மாதிரியைப் பார்த்து விலை பேசலாம். நெய்வதற்கோ, கட்டம் போட்ட தாளில் இழை இழையாக எழுதி, ஜக்கார்டு அட்டை குத்தியாக வேண்டும். அந்தக் கட்டத்தாளைப் போன்றதே விவரப்படம்.

அதை வரைபவர் ஒருவரல்லர். அறை, வாயில், மாடிப்படி முதலியவற்றின் விவரத்தை ஆர்க்கிடெக்ட் தருகிறார். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரே அப்பெயரைப் போட்டுக்கொள்ளலாம். எனினும் அத்தொழில் பிறருக்கு விலக்கன்று என்று 2020இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. மண்ணின் தாங்குதிறனையும் பாரத்தையும் கணக்கிட்டு அஸ்திவாரம், தூண், உத்திரம், கம்பி ஆகியவற்றை நிர்ணயிப்பவர் கட்டமைப்புப் பொறியாளர். இவர்களின் கீழிருந்து படத்தை வரைபவர் டிராஃப்ட்ஸ்மேன். கோடு அவருடையது, கணக்கு அவருடையதன்று.

விவரப்படம் இல்லாவிடில் கம்பி கட்டுபவர் வழக்கப்படியே கட்டுவார். இருபுறமும் சுவர் தாங்கும் உத்திரத்தில் முக்கியக் கம்பி அடிப்புறம் வரவேண்டும். சுவரிலிருந்து வெளியே நீளும் சன்ஷேடில் மேற்புறம் வரவேண்டும். இதை மாற்றிக் கட்டினால், முட்டுப் பலகையைப் பிரிக்கும்போதே சன்ஷேடு சரிந்துவிடக்கூடும். பொறியாளர் கட்டணம் வீண் செலவென்று கருதும் சில சங்கத்தார், திறப்புவிழாப் பந்தலுக்குப் பேரம் பேசுவதில்லை!

இரும்புக் கூரையானால், துண்டுகளை வெட்டி இணைப்பதற்கான பட்டறைப் படத்தைப் பெரும்பாலும் பட்டறைக்காரரே தயாரிப்பார். அதில் தவறில்லை, ஆனால் பொறியாளர் அதைக் கணக்கிட்டுச் சரிபார்த்தாக வேண்டும். அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி நகரத்து விடுதியொன்றில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு நடைபாலங்கள் தொங்கவிடப்பட்டிருந்தன. இரண்டையும் ஒரே நீண்ட கம்பி தாங்குவதாக முதற்படம். பட்டறைப் படத்தில் அது இரு கம்பிகளாக மாற, கீழ்ப்பாலம் மேற்பாலத்தின் உத்திரத்திலேயே தொங்கலாயிற்று. மேற்பாலத்தின் இணைப்பில் பாரம் இருமடங்காயிற்று. மறுகணக்கின்றி ஒப்புதல் முத்திரை விழுந்தது. 1981 ஜூலை 17இல் அது அறுந்து 114 பேர் மாண்டனர். பொறுப்பான பொறியாளர்கள் பின்னர் உரிமத்தை இழந்தனர்.

ஆகவே ஒப்பந்தப் பத்திரத்தில், விவரப்படத்தை வரைபவர் யார், சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் யார் என்பதைப் பெயருடன் குறித்தல் வேண்டும். வேலையிடத்தில் ஒரு கம்பியை மாற்றுவதாயினும், அக்கையெழுத்துடன் திருத்திய படம் வந்த பின்னரே கான்கிரீட் போட அனுமதியுங்கள். ஒரு பிரதி மேஸ்திரியிடமும் மற்றொன்று சங்க அலுவலகத்திலும் இருக்கட்டும். பின்னாளில் மாடி எழுப்ப நினைக்கும்போது முதலில் கேட்கப்படுவது அதுவே.