வேர் அழைக்கும், பூசணம் வரும்

மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது. வேரை ஒட்டிச் சில மில்லிமீட்டர் தூரத்தில் உள்ளதையே பயிர் எடுத்துக்கொள்ளும். அதற்கு அப்பால் உள்ளதைக் கொண்டுவந்து கொடுப்பது வேர் உட்பூசணம். வெங்காயம், மிளகாய், கத்தரி, சோளம், வாழை முதலியவற்றின் வேருக்குள் வாழும் இப்பூசணம், நூல் போன்ற இழைகளை மண்ணில் பல சென்டிமீட்டர் தூரம் பரப்பி மணிச்சத்தை உறிஞ்சித் தருகிறது. கைம்மாறாகப் பயிரிடமிருந்து சர்க்கரையும் கொழுப்பும் பெறுகிறது.

வேர் விடும் அழைப்பு

மணிச்சத்து குறைந்தால் வேர் 'ஸ்ட்ரைகோலாக்டோன்' என்னும் பொருளை மிகச் சிறிய அளவில் கசியவிடும். அது பட்டதும் பூசண இழை பல கிளைகளாகப் பிரிந்து வேரை எட்டிப் பிடிக்கிறது. இதனை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2005-ல் கண்டறிந்தனர். பூசணமும் ஒரு பொருளை வெளியிட்டுத் தன் வரவை அறிவிக்கிறது. வேர் இடம் கொடுக்கிறது.

மணிச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இட்டால் இந்த அழைப்பு அடங்கிவிடும். உரச் செலவும் ஆகும், இலவச உதவியும் போகும்.

களையும் கேட்கும்

அதற்காக உரமே இடாமல் விடுவதும் தவறு. சோளத்தையும் கரும்பையும் தாக்கும் சுடுமல்லிக் களையின் விதையும் இதே அழைப்பினால்தான் முளைக்கிறது. பட்டினி கிடக்கும் பயிர் நண்பனோடு பகைவனையும் அழைத்துவிடும். இவ்வகைப் பொருள் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது 1966-ல், பருத்தி வேர்க்கசிவிலிருந்து. ஆனால் பருத்தியைச் சுடுமல்லி பற்ற முடியாது, முளைத்து மடிந்துபோகும். எனவே சுடுமல்லி உள்ள நிலத்தில் பருத்தியைச் சுழற்சிப் பயிராக இடுவது நல்லது.

செய்ய வேண்டியவை

1. மண் பரிசோதனை செய்து, பரிந்துரைத்த அளவு மட்டும் மணிச்சத்து இடவும்.

2. நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம் வேர் உட்பூசணத்தை, விதைக்கும்போது 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் இடவும். பாலிதீன் பை நாற்றுக்கு 5 முதல் 10 கிராம் போதும்.

3. பூசணம் இட்ட நாற்றங்கால் மண்ணில் கார்பென்டாசிம் போன்ற பூசணக்கொல்லிகளை ஊற்ற வேண்டாம்.

4. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆகியவற்றின் வேரில் இப்பூசணம் வாழாது. அவற்றுக்கு வாங்குவது வீண் செலவு.

5. சுடுமல்லியைப் பூக்கும் முன்பே பிடுங்கி அழிக்கவும். விட்டுவிட்டால் அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிருடன் கிடக்கும்.