பெயரும் ஒலியும்

வடசொல் தமிழில் வழங்குங்கால் வடவெழுத்து நீங்கித் தமிழெழுத்தொடு பொருந்தும் என்பது தொல்காப்பியர் எச்சவியலுட் கூறிய விதி. இயற்பெயர்களும் இதற்கு விலக்கல்ல. கம்பர் லட்சுமணனை இலக்குவன் எனவும், விபீஷணனை வீடணன் எனவும் வழங்கினார். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் கதீஜா கதீசா ஆயினார். வீரமாமுனிவரோ ஒலியை விடுத்துப் பொருளைப் பற்றினார்; பெருகச் செய்தலைக் குறிக்கும் யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் தேம்பாவணியுள் வளன் என நின்றது. இஃது எல்லார்க்கும் கைவரும் துணிவன்று.

இவரெல்லாம் காப்பிய மாந்தர். தம் பெயர் திரிந்தது என்று முறையிட வாரார். நம்மிடையே வாழ்வார் நிலை வேறு. யாழினி என்னும் பெயரைக் காண்போம். அதன் ழகரத்தைத் தமிழ்நாட்டார் உரோமன் எழுத்தில் ‘இசெட்’, ‘எச்’ என்னும் இரண்டாற் குறிப்பர். ஈழத்தார் பெரும்பாலும் ‘எல்’ ஒன்றாற் குறிப்பர். தமிழறியார் வாயில் முன்னது யாசினி போல ஒலிக்கும். பின்னது யாலினி ஆகும். செவிக்குப் பின்னதே அணித்து என யாம் கருதுகின்றோம். ஆயினும் அதனைக் கண்டு மீளத் தமிழில் எழுதப் புகுவார்க்கு ல, ள, ழ என்னும் மூன்றனுள் எது என்பது விளங்காது.

ஒருவர்தம் பள்ளிச் சான்றிதழில் ஒரு வடிவமும் கடவுச்சீட்டில் மற்றொரு வடிவமும் அமைந்துவிடின் இடர் பெரிது. எழுதியவர் எவராயினும், இருபெயரும் ஒருவர்க்குரியனவே என மெய்ப்பிக்கும் சுமை பெயருடையார் மேலதே. அதற்கு உறுதிமொழிப் பத்திரம் வேண்டப்படுதலும், தமிழ்நாட்டிற் பெயர் வடிவையே மாற்றுவார் அரசிதழில் அறிவிப்பு வெளியிடுதலும் உண்டு.