மலையில் கடை வைத்திருக்கிறீர்களா? மழைக்கு முன்னே இதைப் படியுங்கள்!

நீலகிரி என்றதும் ஊட்டிதான் பலருக்கு நினைவுக்கு வரும். சேரம்பாடியும் அதே மாவட்டம்தான். பந்தலூர் தாலுகாவில் இருக்கிறது. சோலாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளத்தின் வயநாடு வந்துவிடும்.

சுற்றிலும் தேயிலைத் தோட்டம். இலங்கையில் இருந்து தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-ல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டமும் இங்கே உண்டு. தோட்டம் இருக்கும் இடத்தில் கடைவீதியும் இருக்கும். மளிகைக் கடை, டீக்கடை, தையல் கடை. எல்லாம் சிறு முதலில் நடப்பவை.

அந்தச் சிறு முதல் ஒரே இரவில் மண்ணுக்குள் போய்விடலாம்.

நள்ளிரவில் வந்த மலை

2024 ஜூலை 30. அண்டை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் தூங்கிக்கொண்டிருந்தன. நள்ளிரவு தாண்டியதும் மலை உடைந்தது. பாறையும் மரமும் சேறும் ஆற்றோடு உருண்டு வந்தன. 200-க்கும் அதிகமான உயிர்கள் போயின. சூரல்மலை கடைவீதியும் சின்னாபின்னமானது. பாலம் அடித்துச் செல்லப்பட்டது. ராணுவத்தினர் 190 அடி நீள இரும்புப் பாலம் போட்ட பிறகுதான் அக்கரைக்கு வண்டி போனது.

அதற்கு 5 ஆண்டுகள் முன்பு, 2019 ஆகஸ்டு 8-ந் தேதி, நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டி மீட்டர் மழை கொட்டியது. அதே நாளில் வயநாட்டின் புத்துமலையும் சரிந்தது.

எப்போது தயாராவது?

நீலகிரிக்கு இரண்டு மழை. சேரம்பாடி, பந்தலூர், கூடலூர் பக்கம் ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவ மழைதான் பெரிது. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை பெரிது. 2009 நவம்பர் மழையில் 40-க்கும் அதிகமானோர் இறந்தது அந்தப் பக்கம்தான். ஆகவே குன்னூர்க்காரர் செப்டம்பரில் செய்யும் வேலையை, சேரம்பாடிக்காரர் மே மாதமே முடிக்க வேண்டும்.

"சிவப்பு எச்சரிக்கை" என்று செய்தியில் சொல்கிறார்களே, அதற்கு என்ன பொருள்? 24 மணி நேரத்தில் 20 சென்டி மீட்டருக்கு மேல் மழை பெய்யலாம் என்று பொருள். அன்று கடையில் படுத்துத் தூங்காதீர்கள்!

கடன் நோட்டு எங்கே?

சரக்கு நனைந்தால் மறுபடி வாங்கலாம். கடன் நோட்டு போனால்?

தோட்டப் பகுதியில் பாதி வியாபாரம் கடன்தான். அரிசியும் பருப்பும் இன்று போகும். சம்பளம் வந்த பிறகு பணம் வரும். யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அந்த ஒரு நோட்டில்தான் இருக்கிறது. நோட்டு சேற்றோடு போனால் கடைக்காரருக்கு நஷ்டம். வாங்கியவருக்கும் சங்கடம். கொடுத்ததா, கொடுக்காததா என்று நல்ல மனிதர்களுக்குள்ளேயே மனஸ்தாபம் வரும்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. தினமும் கடை சாத்தும்போது அன்றைய பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுங்கள். அதை வெளியூரில் இருக்கும் மகனுக்கோ தங்கைக்கோ அனுப்பிவிடுங்கள். உரிமம், வாடகைப் பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றையும் அப்படியே செய்யலாம். அசல் காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எடுத்துக்கொண்டு ஓடத் தோதாக வாசல் பக்கம் வையுங்கள்.

அரிசி மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை போட்டு உயர்த்துங்கள். சர்க்கரையும் தீப்பெட்டியும் மேல் தட்டுக்குப் போகட்டும். (யானைக்கு அரிசி வாசனை பிடிக்கும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!) மின்சாரம் போனால் கைப்பேசியில் பணம் வாங்க முடியாது. கொஞ்சம் சில்லறை கையில் இருக்கட்டும்.

பின்சுவரைப் பாருங்கள்

மலையில் கடை என்றால் பெரும்பாலும் மண்ணை வெட்டிக் கட்டியதுதான். ஆபத்து பின்புறம் இருந்துதான் வருகிறது. பின்பக்கச் சாக்கடையில் மண் அடைத்தால் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும். சரிவு கனத்துவிடும்.

சுவரில் புது வெடிப்பு, திடீரென்று சாத்த முடியாத கதவு, சாய்ந்த கம்பம், கலங்கி வரும் ஊற்று - இவை மலை நகர்வதன் அடையாளங்கள். ஓடை திடீரென்று வற்றினாலும் பயப்பட வேண்டும். மேலே எங்கோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். உடனே வெளியேறுங்கள். சரக்கை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு எண் 1077.

இன்சூரன்ஸ் உண்டா?

உண்டு! 2021 ஏப்ரல் முதல் "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா" என்ற திட்டம் இருக்கிறது. 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கு உரியது. தீ, வெள்ளம், புயல், நிலச்சரிவு எல்லாம் அடங்கும். விபத்தைத் தொடர்ந்து 7 நாட்களுக்குள் அதன் காரணமாக நடக்கும் திருட்டும் சேரும். கல்லாப் பணமும் நகையும் சாதாரணமாகச் சேராது. கட்டடத்துக்கு மட்டும் எழுதினால் சரக்குக்குக் கிடைக்காது. "சரக்கும் சேர்ந்ததா?" என்று கேட்டு வாங்குங்கள்.

அரசு நிவாரணம் முக்கியமாக வீட்டுக்கும் பயிருக்கும் கால்நடைக்கும் உரியது. கடைச் சரக்குக்கு அதை நம்பி இருக்க முடியாது.

சேறு புகுந்துவிட்டதா? உடனே கழுவாதீர்கள். முதலில் படம் எடுங்கள். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும், கிராம நிர்வாக அதிகாரிக்கும் தகவல் கொடுங்கள். அதன் பின்னரே துடைப்பத்தை எடுக்கலாம்.