உங்களுக்குத் தெரியுமா? சுடுகாட்டு மல்லிக்குள் புற்றுநோய் மருந்து!

ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றுக்குக் குளிக்கப் போகிற வழியில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடக்குமே, நித்தியகல்யாணி? சுடுகாட்டு மல்லி என்று சொல்லி யாரும் தலையில் வைப்பதில்லை. ஆடுகூட வாய் வைக்காது. ஆனால் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் அந்தச் செடிக்குள்தான் இருக்கின்றன!

முதலில் மோப்பம் பிடித்தது கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகம். 1952இல் ஜமைக்காவிலிருந்து ஒரு தபால் உறை வந்தது. உள்ளே 25 இலைகள்! அந்த ஊரில் சர்க்கரை வியாதிக்கு இதைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள் என்ற சேதியோடு. நம்மூர்ப் பாட்டிமாரின் அதே வைத்தியம்!

அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ராபர்ட் நோபிள் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவே இல்லை. விடுவாரா? சாற்றை ஊசியில் ஏற்றினார். ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் மளமளவென்று சரிந்தன! ரத்தப் புற்றுநோயில் தறிகெட்டுப் பெருகுவது வெள்ளை அணுக்கள்தானே? 1958இல் நோபிளும் உடன் உழைத்த சார்லஸ் பியரும் வின்பிளாஸ்டினைத் தனியே பிரித்துக் காட்டிவிட்டார்கள். தேடியது சர்க்கரைக்கு, சிக்கியது புற்றுநோய்க்கு!

தம்பி வின்கிரிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்க அனுமதி. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் அதுதான் கைகொடுக்கிறது!

ஒரே ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க எவ்வளவு காய்ந்த இலை வேண்டும்? சுமார் 500 கிலோ! நெல்லை, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மானாவாரி நிலத்தில் இதைப் பயிராகவே போடுகிறார்கள். (ஆர்வக்கோளாறில் இலையை அரைத்துக் குடித்து வைக்காதீர்கள். செடி விஷம்!)

விஷம் என்றதும் இன்னொன்று. பாஷாணம், அதாவது ஆர்சனிக், உயிரைக் காப்பாற்றும்! வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1998 முதல் 2004 வரை, ஒரு வகை ரத்தப் புற்றுநோய் வந்த 72 பேருக்கு ஆர்சனிக் ட்ரையாக்சைடை முதல் மருந்தாகக் கொடுத்தார்கள். நோய் அடங்கியது 100க்கு 86 பேருக்கு!

மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் கதர் போட்டதற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு டாக்டர் பட்டமே கிடைக்காமல் போன மாணவர் ஒருவர் உண்டு. பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பிற்பாடு அமெரிக்காவில் அவருடைய குழு செய்து கொடுத்த அமினோப்டெரின் என்ற மருந்தை, பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது! அதுவரை நடக்காத அதிசயம். ஆய்வுக் கட்டுரை 1948 ஜூனில் வந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் காலமாகிவிட்டார். நோபல் பரிசு? கிடையவே கிடையாது!

ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023இல். நமக்குப் பெருமைதான்! ஆனால் கூட மெல்லுகிற பாக்கு? புற்றுநோய் வரவழைக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே முத்திரை குத்திவிட்டது. புகையிலை சேர்க்காத தாம்பூலமும் அதே பட்டியலில்!

கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு ஒன்று 2010இல் பாதியில் நின்றுபோனது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையும் அந்த ஆய்வில் உண்டு. பல சிறுமிகளுக்கு ஒரே ஒரு ஊசிதான் போட்டிருந்தார்கள். ஆய்வு கெட்டது என்றுதானே நினைப்போம்? 10 வருடம் விடாமல் கவனித்தார்கள். புற்றுநோயை உண்டாக்கும் முக்கியமான இரண்டு வைரஸ் வகைகள் உடம்பில் தங்கிவிடாமல், அந்த ஒற்றை ஊசியே 95 சதவீதம் தடுத்திருந்தது!

கடைசியாக, என் செல்லக் கண்டுபிடிப்பு: வினிகர்! சமையலறை வினிகரில் இருக்கிற அதே அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவினால், கோளாறான இடம் ஒரு நிமிடத்தில் வெள்ளையாகத் தெரியும். திண்டுக்கல் கிராமங்களில் 31,343 பெண்களுக்கு நர்சுகளே இந்தச் சோதனையைச் செய்தார்கள். லேன்செட் இதழில் 2007இல் முடிவு வந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைவு!

அம்மா, அக்கா, மதினிமாரே! 30 வயது தாண்டியிருந்தால் இந்தப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இந்த வாரமே போய் வாருங்கள்!